சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்

டோட்டோ-சானை முதல் பள்ளியிலிருந்து ஏன் வெளியே அனுப்பினார்கள் என்பது நம்மில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடினாள். தெருவில் போன வாத்தியக்காரர்களை ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். அந்தக் குற்றப் பட்டியலில் நாம் மறந்துபோகிற இன்னொன்றும் இருக்கிறது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அவள் யாரிடமோ என்ன செய்கிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே நின்றாள். ஆசிரியை எட்டிப் பார்த்தால், கூரை விளிம்பில் கூடு கட்டிக்கொண்டிருந்த இரண்டு தகைவிலான் குருவிகள்!

அதாவது, ஒரு பிள்ளை பறவைகளைக் கவனமாகப் பார்த்தது பள்ளியை விட்டு நீக்கும் அளவுக்குப் பெரிய தொந்தரவாக இருந்திருக்கிறது.

தெத்சுகோ குரோயானாகி இந்த நூலை 1981இல் எழுதினார். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்து, ஆசிரியப் பயிற்சி மாணவர்களிலிருந்து கவிஞர்கள் வரை எல்லோர் கையிலும் புழங்கிவிட்டது. தலைப்பில் உள்ள 'ஜன்னலோரம்' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் இன்னொரு அர்த்தமும் உண்டு. அலுவலகத்தில் வேலை எதுவும் கொடுக்காமல் ஓரங்கட்டி உட்கார வைக்கப்பட்டவர்களை ஜன்னலோர ஆட்கள் என்பார்கள். ஜன்னல் பக்கம் போன பிள்ளை, வகுப்பின் கணக்கில் ஓரங்கட்டப்பட்ட பிள்ளை.

இந்த நூலை மறுபடியும் எடுத்து வாசிக்க ஒரு காரணம் இருந்தது. இப்போது எங்கு திரும்பினாலும் 'பிள்ளைகளை இயற்கையைப் பார்க்க வையுங்கள், அமைதியாகிவிடுவார்கள்' என்கிற அறிவுரை. பாலர் பள்ளிகளில் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு. யூடியூபில் பத்து மணி நேர மழைச் சத்தம். எங்கள் ஜொகூரில் பாதி வருடம் மழை பெய்கிறது. ஜன்னலைச் சாத்தி ஏர்கோனைப் போட்டுவிட்டு, பிள்ளை தூங்க கைப்பேசியில் மழைச் சத்தம் வைக்கிற வீடுகள் தெப்ராவில் நிறைய உண்டு. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. காலையில் நான்கரைக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய், இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிற ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ கைக்கு எட்டுகிற மழை அதுதான்.

இந்த அறிவுரையில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து என்று நினைக்கிறேன். எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்கச் சில நூல்கள் உதவுகின்றன.

முதல் கேள்வி: அமைதி யாருக்கு?

நம் பள்ளிகளில் 'அமைதி' என்றால் வாயை மூடு என்று அர்த்தம். வீட்டில் அதற்கு இன்னொரு சொல் இருக்கிறது: 'சும்மா இரு.' தமிழில் இது ஒரு விசித்திரமான சொற்றொடர். தாயுமானவர் வழியில் வந்தவர்களுக்கு அது ஞானத்தின் கடைசிப் படி. அதே சொல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மிரட்டல். இரண்டிலும் சொல் ஒன்றுதான். முதலாவதில் சும்மா இருப்பவர் தானாக அதில் போய்ச் சேருகிறார். இரண்டாவதில் பக்கத்தில் இருக்கும் பெரியவருக்குத் தலைவலி குறைகிறது. பிள்ளையின் அமைதி என்று நாம் பேசும்போது பெரும்பாலும் நம்முடைய அமைதியைத்தான் பேசுகிறோம்.

டோட்டோ-சான் நூலின் நேர்மை இங்கேதான் தெரிகிறது. கோபயாஷி 1937இல் தொடங்கிய டோமோயி பள்ளிக்கு வந்த பிறகும் அவள் சத்தக்காரியாகவே இருக்கிறாள். அங்கே வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். வாசலில் தூண்களாக நிற்பவை உயிருள்ள இரண்டு மரங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஏறுவதற்குச் சொந்தமாக ஒரு மரம். காலைப் பாடங்களைச் சீக்கிரம் முடித்துவிட்டால் மத்தியானம் எல்லோரும் ஆசிரியையோடு குஹோன்புட்சு கோயில்வரை நடந்து போவார்கள். வழியில் கடுகுப்பூ வயல். ஆசிரியை ஒரு பூவின் சூலகத்தையும் மகரந்தத் தாளையும் காட்டுவார். பிள்ளைகள் பார்ப்பார்கள், பிறகு ஓடிவிடுவார்கள். அது பாடம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. 'இதனால் டோட்டோ-சான் அடக்கமான பெண்ணாக மாறினாள்' என்று குரோயானாகி எந்த இடத்திலும் எழுதவில்லை. மாறியது அவளுடைய சத்தம் இல்லை. அவள் ஒரு விஷயத்தோடு எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்பது. போலியோ பாதித்த யசுவாகி-சானைத் தன் மரத்தில் ஏற்றிவிட அவள் எடுத்துக்கொள்ளும் பாடு இருக்கிறதே, அந்த அத்தியாயம் முழுக்க வியர்வை, மூச்சிரைப்பு, ஏணி. கடைசியில் இரண்டு பேரும் கிளையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது வருகிற அமைதியை யாரும் 'சும்மா இரு' என்று சொல்லி உண்டாக்கவில்லை.

தமிழில் நாம் பிள்ளைகளுக்கு இயற்கையை எப்படிக் கொடுத்திருக்கிறோம்? பாரதியிடமிருந்தே தொடங்கலாம். 1915இல் வந்த பாப்பாப் பாட்டில் குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு எல்லாம் வரிசையாக வருகின்றன. வருகிற ஒவ்வொன்றும் ஒரு வேலையோடு வருகிறது. ஒன்று பால் தரும், ஒன்று வண்டி இழுக்கும், ஒன்று உழும், ஒன்றுக்கு நாம் இரக்கம் காட்ட வேண்டும். நல்ல பாட்டு, சந்தேகமே இல்லை. நானும் அதைப் பாடித்தான் வளர்ந்தேன். ஆனால் அந்தப் பாட்டில் எந்தப் பிராணியையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க நேரமில்லை. பார்ப்பதற்கு முன்னால் பாடம் வந்துவிடுகிறது.

இதே பாரதி வசன கவிதைகளில் வேறு ஆள். 'காற்று' பகுதியில் பந்தலில் தொங்கும் இரண்டு கயிற்றுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவற்றுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர். காற்றில் அவை ஆடுகின்றன, நெருங்குகின்றன, விலகுகின்றன, களைத்துத் தூங்குகின்றன. அங்கே எந்தப் பயனும் இல்லை, எந்த நீதியும் இல்லை. ஒரு மனிதர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது. பாப்பாவுக்குப் பாடத்தைக் கொடுத்துவிட்டு, பாப்பா குதித்துக் கொண்டாடியிருக்கக்கூடிய கயிற்றைப் பெரியவர்களுக்கு வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த நம் சிறுவர் இலக்கியம் பெரும்பாலும் பாப்பாப் பாட்டின் பாதையைத்தான் பிடித்தது. எறும்பு என்றால் சுறுசுறுப்பு. தேனீ என்றால் ஒற்றுமை. மரம் என்றால் தியாகம். பாவம், மரம் மரமாக நிற்கவே முடியாது.

இந்த இடத்தில் ரேச்சல் கார்சனைக் கொண்டுவர வேண்டும். 'மௌன வசந்தம்' எழுதியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1956 ஜூலையில், ஒரு பெண்கள் பத்திரிகைக்கு அவர் எழுதிய கட்டுரை, குழந்தைக்கு வியக்கக் கற்றுக்கொடுப்பது பற்றியது. விரிவாக எழுத நினைத்தார்; முடியவில்லை. 1964இல் புற்றுநோயால் இறந்துபோனார். மறு வருடம் அந்தக் கட்டுரை புகைப்படங்களோடு சிறு நூலாக வந்தது.

கட்டுரை ஓர் இலையுதிர்கால இரவில் தொடங்குகிறது. இன்னும் இரண்டு வயது நிரம்பாத ரோஜரை, தன் அக்காள் மகளின் பிள்ளையை, போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மழை பெய்யும் இருட்டில் கடற்கரைக்குப் போகிறார் கார்சன். அலை இரைகிறது. இருவரும் சிரிக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அது அமைதியான காட்சியே இல்லை என்பது. புயல், இருட்டு, இரைச்சல். இன்றைய அறிவுரைக்காரர்களிடம் கேட்டால் 'பிள்ளை பயந்துடும்' என்பார்கள். கார்சனின் கட்டுரையில் அமைதி வேறொரு இடத்தில், பிறகு வருகிறது. இன்னொரு இரவு, விளக்கு ஏற்றாத அறையில், பெரிய ஜன்னலுக்கு முன்னால் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறான். நிலா கடலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். பிள்ளை தன்பாட்டில் ரொம்ப நேரம் பேசாமல் இருக்கிறான். பிறகு தாங்கள் அங்கே வந்ததில் தனக்குச் சந்தோஷம் என்று மெல்லச் சொல்கிறான்.

புயலின் இரைச்சலைப் பார்த்த பிள்ளைக்குத்தான் நிலாவின் மௌனம் கிடைத்தது. இது என் வாசிப்பு. கார்சன் இப்படிச் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் கட்டுரையில் 'அமைதி' ஒரு நோக்கமாக எங்குமே இல்லை. அவர் பிள்ளையை அமைதிப்படுத்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போகவில்லை. கடலைப் பார்க்கத்தான் கூட்டிப்போனார். பெயர்களைக்கூடப் பாடமாகச் சொல்லவில்லை. தனக்குப் பிடித்த சிப்பியைக் கண்டால் ஆசையோடு பெயரைச் சொல்லுவார், பிள்ளை அதைத் தானாகப் பிடித்துக்கொள்வான். நமக்கு எதுவுமே தெரியாதே என்று தயங்கும் பெற்றோருக்கு அவர் சொல்லும் பதிலும் இதுதான். தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூட இருந்து பார்த்தால் போதும். சமையலறை ஜன்னலில் ஒரு சட்டி மண், அதில் ஒரு விதை. அதுகூடப் போதும்.

கூட இருக்க ஒரே ஒரு பெரியவர். கார்சன் வைக்கும் நிபந்தனை இது ஒன்றுதான். நான் அவரோடு மல்லுக்கட்டும் இடமும் இதுதான்.

அந்த ஒரு பெரியவருக்கு நேரம் எங்கிருந்து வந்தது? 1951இல் வந்த அவருடைய கடல் பற்றிய நூல் பெரும் விற்பனை கண்டது. அந்த வருமானத்தில்தான் அரசாங்க வேலையை விட்டார், மெய்ன் மாநிலத்தின் கடலோரத்தில் ஒரு கோடை வீட்டையும் கட்டினார். அந்த ஜன்னலுக்கும் நிலாவுக்கும் பின்னால் புத்தகப் பணம் இருக்கிறது. ஆனால் இதை வைத்து அவரை வசதிக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. வயதான தாயையும் அக்காள் பிள்ளைகளையும் சுமந்தவர் அவர். 1957இல் ரோஜரின் தாய் இறந்தபோது, ஐம்பதை நெருங்கும் வயதில், தனியாளாக ஐந்து வயதுப் பையனைத் தத்தெடுத்தார். அந்தக் கட்டுரையை நூலாக விரிக்க அவருக்கே நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் இதிலுள்ள சோகம்.

தெப்ராவில் இந்த நிபந்தனை எப்படி இருக்கிறது? இங்கே முன்பு ரப்பர் காடுகள் இருந்தன. இன்று காப்பிக்கடைகளுக்குப் பேர்போன மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் பெரிய ரப்பர் தோட்டம். அம்மாமார் விடியும் முன்னே தலைவிளக்கோடு பால்மரம் சீவக் கிளம்புவார்கள். கைப்பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். ஓர் ஆயா, வரிசையாகத் தொங்கும் தொட்டில்கள். இன்று தோட்டம் தாமானாகிவிட்டது. பால்மரத்துக்குப் பதில் பாலம். ஆயாக்கொட்டகைக்குப் பதில் பக்கத்து வீட்டு பேபி சிட்டர். மூன்று தலைமுறையாக நம் பிள்ளைகளின் விடியற்காலை இன்னொருவர் வீட்டில்தான் விடிகிறது. 'மாலையில் பிள்ளையோடு சூரிய அஸ்தமனம் பாருங்கள்' என்று எழுதுகிற கட்டுரையாளர் இந்த வீட்டுக் கடிகாரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நம் இலக்கியத்தில் இருக்கிறது. இயற்கை என்றால் அமைதி என்ற சமன்பாடு மலேசியத் தமிழ் எழுத்தில் ஒருநாளும் சரியாக நின்றதில்லை. இங்குள்ள தோட்டங்களைப் பற்றி அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' முதல் நம் ஊர் எழுத்தாளர்களின் தோட்டக் கதைகள் வரை, காடு என்பது வேலை செய்யும் இடம். கொசு, அட்டை, பனி, கங்காணி. மழை வந்தால் மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குக் கூலி கிடைக்காது. கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் முகம் வாடும் ஒரு தாயின் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்கு, அந்தச் சத்தம் எப்படித் தாலாட்டாகும்? இப்போது தோட்டத்தைப் பற்றி ஒரு ஏக்கம் கலந்த எழுத்து வருகிறது, பச்சை, குளிர், ஆற்றில் குளியல் என்று. பொய் என்று சொல்லமாட்டேன். ரப்பர்க் காய் உச்சி வெயிலில் பட்டென்று வெடிக்கும் சத்தமும், அந்தக் கொட்டையைத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைத்த விளையாட்டும் அந்த வாழ்க்கையில் இருந்தவைதான். கஷ்டத்தின் நடுவே பிள்ளைகள் பார்த்தார்கள், கேட்டார்கள், கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிற எழுத்துதான் நமக்கு வேண்டும். ஒன்றை அழித்துவிட்டு மற்றதை மட்டும் பிள்ளைக்குக் காட்டினால் அது சுற்றுலாத் துண்டுப் பிரசுரம்.

அப்படியென்றால் நேரமும் இல்லாத, காடும் இல்லாத வீடு என்ன செய்வது? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல வழிகாட்டி மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912இல் பிறந்து 1996இல் இறந்தவர். 1950 முதல் இறக்கும்வரை, நாற்பத்தாறு வருடம், 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் ஒரே பத்தியை எழுதியவர். தமிழிலும் எழுதினார், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் அவருடைய தமிழ்க் கட்டுரைகளை வாசிக்கலாம். அவர் பிள்ளைகளுக்கு என்று தனியாக நெகிழ்ந்து எழுதியவர் இல்லை. ஆனால் பார்ப்பது எப்படி என்பதற்கு அவரைவிடத் தெளிவான ஆசிரியர் தமிழில் குறைவு. புலியும் யானையும் தெரிந்த மனிதர் காக்காயையும் அணிலையும் அதே மரியாதையோடு பார்த்தார். உருகுவதில்லை, உபதேசம் இல்லை. அந்தப் பிராணி என்ன செய்தது, எப்படிச் செய்தது, அவ்வளவுதான். நடுநடுவே ஒரு குறும்பு. இந்த வறண்ட நடைதான் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஆஹா, எவ்வளவு அழகு பார்' என்று நாம் உருகும்போது பிள்ளை நம் முகத்தைப் பார்க்கிறது. 'அந்த மைனா ஏன் நடக்குது, குருவி மாதிரி தத்தாம?' என்று கேட்டால் மைனாவைப் பார்க்கிறது.

வேலையால் பொறியாளன் என்பதால் எண்களையும் தேடிப் பார்த்தேன். 2009இல் அமெரிக்காவில் ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லரும் பிரான்சஸ் குவோவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கவனக்குறைபாடு உள்ள 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளை 20 நிமிடம் நடக்க வைத்தார்கள்: ஒரு முறை பூங்காவில், ஒரு முறை நகர மையத்தில், ஒரு முறை குடியிருப்புத் தெருவில். பூங்காவில் நடந்த பிறகுதான் கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். எல்லா விளம்பரமும் இதுவரைக்கும்தான் சொல்லும். நான் மூன்றைச் சேர்க்கிறேன். ஒன்று, கலந்துகொண்டது 17 பிள்ளைகள். இரண்டு, அளந்தது கவனத்தை, அமைதியை இல்லை. மூன்று, ஒவ்வொரு நடையிலும் கூட ஒரு பெரியவர் இருந்தார். கார்சனின் நிபந்தனை ஆய்வுக்கூடத்திலும் விடவில்லை! சிறிய ஆய்வு என்று ஒதுக்கவில்லை. அது காட்டும் திசை எனக்குப் பிடித்திருக்கிறது. கவனம் முதலில், அமைதி வந்தால் அதன் பின்னால். பார்க்க ஏதாவது இருக்கும்போது மனம் தானாக ஓரிடத்தில் நிற்கிறது. நில் என்று சொன்னால் நிற்பதில்லை.

இதைப் பள்ளிக்கூட அளவில் செய்துபார்த்தவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரை ஒட்டி, அவர் தொடங்கிய ரிஷி வேலி பள்ளியில் 'அஸ்தாசல்' என்றொரு வழக்கம் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, பேசாமல், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். பிரார்த்தனை இல்லை, மந்திரம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. எனக்கு இதில் பிடித்தது, அங்கே பிள்ளையிடம் கண்ணை மூடச் சொல்லவில்லை என்பது. தியானம் என்றால் கண்ணை மூடு என்றே பழக்கிவிட்டோம். ஐந்து வயதுக்குக் கண்ணை மூடினால் தூக்கம் வரும், இல்லையென்றால் பக்கத்துப் பையனைக் கிள்ளத் தோன்றும். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு மௌனமாக இருப்பதுதான் பிள்ளைக்குச் சாத்தியமான மௌனம். ஆனால் ரிஷி வேலி மலைகள் சூழ்ந்த, கட்டணம் கட்டிப் படிக்கும் விடுதிப் பள்ளி. அந்த மலையை எங்கள் தாமானுக்குப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. வழக்கத்தை மட்டும் கொண்டு வரலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சரி என்று வைத்துக்கொண்டாலும், ஜொகூரில் இதைப் பேசுகிறவர் ஒரு தேதியைத் தாண்டிப் போக முடியாது. 2019 மார்ச் 7. தெப்ராவுக்குப் பக்கத்தில் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். முதலில் மயங்கியவர்களில் ஆற்றோரப் பள்ளிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே வருடம் ஜூனில் மறுபடியும் மூச்சுத்திணறல், மறுபடியும் பள்ளி மூடல். அந்தப் பிள்ளைகளிடம் போய் 'கண்ணா, ஆற்றைப் பார், மூச்சை ஆழமா இழு' என்று எந்த வாயால் சொல்வது?

'இயற்கையால் அமைதி' என்கிற அறிவுரையில் ஆபத்தான பாதி என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். இயற்கையை ஒரு தலைவலி மாத்திரையாக மாற்றிவிட்டால், மாத்திரைக்கு எதுவும் நேரலாம் என்பது மறந்துபோகும். ஆறு நமக்கு அமைதி தரக் கடமைப்பட்டதாகவும், ஆற்றுக்கு நாம் எதுவும் தர வேண்டாததாகவும் பிள்ளை கற்றுக்கொள்ளும். பாப்பாப் பாட்டின் பயன் பட்டியலில் பால், உழவு, வண்டி என்பதோடு 'மன அமைதி' என்று இன்னொன்றைச் சேர்த்ததாக மட்டுமே அது முடியும்.

கார்சன் இந்தப் பொறியில் விழவில்லை. 1956இல் பிள்ளையோடு கடலைப் பார்த்தவர்தான் 1962இல் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக 'மௌன வசந்த'த்தை எழுதினார். இரண்டையும் வேறு வேறு நூல்களாக வாசிக்கிறோம்: ஒன்று மென்மை, ஒன்று கோபம். எனக்கு அவை ஒரே நூலின் இரண்டு பாகங்கள். பார்த்துப் பழகியவருக்குத்தான் இல்லாமல் போவது தெரியும். குயில் கூவுவதைக் கேட்டே இராத பிள்ளைக்கு, கூவாத வசந்தம் ஒரு நஷ்டமே இல்லையே. கவனம் முதலில் அமைதியைத் தரலாம்; ஒருநாள் கோபத்தையும் தரும். அந்தக் கோபத்துக்குப் பயந்து கவனத்தைத் தராமல் இருக்க முடியாது.

ஆகவே தமிழில் பிள்ளைகளுக்கு இயற்கையை எழுதுகிறவர்களிடம், வாசகனாக எனக்குச் சில ஆசைகள் இருக்கின்றன. எறும்பை ஒருமுறையாவது சுறுசுறுப்பு இல்லாமல் எழுதுங்கள். உண்மையிலேயே சும்மா நிற்கிற எறும்புகளும் உண்டு, பார்த்தால் தெரியும். மரத்தைத் தியாகியாக்க வேண்டாம். காட்டைத் தேடிப் போகாமல் ஐந்தாவது மாடியிலிருந்து எழுதுங்கள். பெரியவருக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்பதைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் சாலையோரங்களில் தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. மலாய்க்காரர்கள் இதை ஐந்து மணி மரம் என்கிறார்கள், சாயங்காலம் இலைகளை மூடிக்கொள்வதால். மழைக்கு முன்னால் வானம் இருண்டாலும் மூடும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒரு சிறிய புடைப்பு. அதில் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து தண்ணீர் வெளியேறி மறுபக்கத்து உயிரணுக்கள் நிரம்பும்போது இலை மடிகிறது. தொழிற்சாலையில் நாங்கள் திரவ அழுத்தத்தால் இயக்கும் கருவிகளின் வேலைதான், சத்தமும் எண்ணெய் ஒழுக்கும் இல்லாமல். 1982 ஜனவரி பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். மரத்துக்கு யாரும் சொல்லவில்லை. அது தன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மூடிக்கொண்டிருக்கிறது.

என் அக்காள் மகளுக்கு ஐந்து வயது. இந்த மரம் எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று தினமும் அவள் எனக்கு ஓர் அறிக்கை தருகிறாள். மழை நாளில் சீக்கிரம் தூங்கிவிட்டதாம். நேற்று ஒரு கிளை மட்டும் லேட்டாம். அது சரியா என்று எனக்குத் தெரியாது, சரிபார்க்கவும் போகவில்லை. அவள் அமைதியான பிள்ளையும் கிடையாது. அக்காவிடம் கேட்டால் வீட்டில் அவள் படுத்தும் பாட்டை ஒரு மணி நேரம் சொல்வார். ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவள் எதையும் கேட்பதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை. மரத்தோடு இருக்கிறாள்.

டோட்டோ-சானின் ஆசிரியைக்கு அன்று ஓர் அரிய வாய்ப்பு இருந்தது. ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டார், எட்டியும் பார்த்துவிட்டார், குருவிகளையும் கண்டுவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும். அலகில் மண்ணை எப்படிக் கொண்டுவருகிறது என்று அவரே பிள்ளையிடம் கேட்டிருப்பார்.